திருத்தம் ஒரு பேட்ச், துப்புரவு வேறு பேட்ச்: திறமூல டீபக்கர் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அடுத்த வெளியீட்டுக்கான வேலைப் பட்டியலைப் போடும்போது இரண்டு வகை வேலைகள் ஒரே தாளில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஒன்று வழுத் திருத்தம். மற்றொன்று மூலநிரலைச் சுத்தம் செய்வது. பட்டியலில் கலப்பது பேட்ச்சிலும் (மூலநிரலுக்கு அனுப்பும் மாற்றத் தொகுப்பு) கலக்கிறது: மூன்று வரித் திருத்தம் ஒன்று, நானூறு வரிப் பெயர்மாற்றத்துக்கு நடுவே புதைந்து வருகிறது. இவ்விரண்டையும் பிரித்துவிடுங்கள் என்று கேட்கவே இம்மடல். முதலில் சோதனை, அடுத்து திருத்தம், அந்த இடம் நிலைத்த பிறகு துப்புரவு. இந்த வரிசை எந்த மென்பொருளுக்கும் நல்லதுதான். ஓடும் நிரலை நிறுத்தி ஆராய்ந்து வழு தேட உதவும் டீபக்கருக்கு மட்டும் இது ஏன் கட்டாயம் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் எதைத் திருத்துவது? வழக்கமாக டீபக்கர் நொறுங்கி விழுகிற வழுக்கள் பட்டியலின் உச்சியில் இருக்கும். எங்கள் கணக்கில் அவை மூன்றாம் இடம்தான். முதலிடம், டீபக்கர் பொய் சொல்லும் வழுக்களுக்கு. நொறுங்கினால் பயனர் திரும்பத் திறப்பார். ஒரு மாறியின் மதிப்பைத் தவறாகக் காட்டினால் இல்லாத வழுவைத் தேடி இரண்டு நாள் அலைவார், அதற்குக் காரணம் நீங்கள்தான் என்பதுகூட அவருக்குத் தெரிய வராது. இரண்டாமிடம், ஆராயப்படும் நிரலையே கொல்லும் வழுக்களுக்கு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் டீபக்கரை ஒட்டிப் பார்த்துவிட்டு விலகும்போது அது செத்துப்போனால், அந்தக் குழு மறுபடி டீபக்கரைத் தொடாது. வேகக் குறைவு நான்காமிடம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

பொய் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்டாக்கில் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற அடுக்கு) மேலே ஏறி, அழைத்த செயற்கூறின் ஃபிரேமுக்கு (அந்த அடுக்கில் அதற்குரிய பகுதி) போகும்போது நம் கையில் இருப்பது திரும்பும் முகவரி. அது அழைப்புக் கட்டளையைக் குறிப்பதில்லை, அதற்கு அடுத்த கட்டளையைக் குறிக்கிறது. அதை அப்படியே வைத்து வரி எண்ணையோ, மாறி இருக்கும் இடத்தையோ தேடினால் அடுத்த வரிக்கான விடை வரும். அழைக்கப்பட்டது அபார்ட் போல என்றுமே திரும்பாத செயற்கூறாக இருந்தால் இன்னும் மோசம்: அழைப்புக்குப் பின் கட்டளையே இல்லாமல் செயற்கூறு முடிந்திருக்கும், திரும்பும் முகவரி பக்கத்துச் செயற்கூறுக்குள் விழுந்திருக்கும். ஆகவே மேல் ஃபிரேம்களில் முகவரியிலிருந்து ஒன்றைக் கழித்துத் தேட வேண்டும். ஆனால் சிக்னல் (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு) வந்து இடைமறித்த ஃபிரேமில் கழிக்கக் கூடாது. அங்கே முகவரி நின்ற கட்டளையையே நேராகக் குறிக்கும். கீழ்க்கோடி ஃபிரேமிலும் அப்படியே. இந்த விதி ஒரே ஒரு செயற்கூறில் இருக்க வேண்டும். பல டீபக்கர்களில் இது ஏழெட்டு இடங்களில் கைக்கு வந்தபடி ‘கழித்தல் 1’ என்று சிதறிக் கிடக்கிறது. சில இடங்களில் சிக்னல் விதிவிலக்கு விடுபட்டிருக்கிறது.

இங்கே துப்புரவுக்கு நியாயமான காரணம் இருப்பதைக் கவனியுங்கள். ஆனாலும் வரிசை முக்கியம்: விடுபட்ட இடத்தைக் காட்டும் சோதனை முதல் கமிட் (களஞ்சியத்தில் பதியும் ஒரு மாற்றம்), அந்த இடத்தில் மட்டும் திருத்தம் இரண்டாவது, ஏழெட்டு இடங்களையும் ஒரே செயற்கூறுக்குக் கொண்டுவருவது மூன்றாவது. இரண்டாவதைப் பழைய வெளியீட்டுக் கிளைக்கு அப்படியே எடுத்துச் செல்லலாம். மூன்றாவதை எடுத்துச் செல்லத் தேவையில்லை. மூன்றும் ஒரே கமிட்டாக இருந்தால், பழைய வெளியீட்டைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் திருத்தம் கிடைக்காது.

இன்னொரு பொய், செயலிக்குள் மதிப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களைப் பற்றியது. அழைப்பின்போது காக்கப்படாத ரெஜிஸ்டர்களுக்கு மேல் ஃபிரேமில் என்ன மதிப்பு இருந்தது என்பது பொதுவாக யாருக்கும் தெரியாது. ஸ்டாக் பிரிப்புத் தகவல் அவற்றைப் பற்றி வாய் திறக்காவிட்டால், கீழ் ஃபிரேமில் உள்ள மதிப்பையே மேலேயும் காட்டுவது சுலபமான வழி. அது தவறான வழி. ‘மதிப்பு கிடைக்கவில்லை’ என்று காட்டுங்கள். அதைப் பார்த்துப் பயனர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

நிரலைக் குறித்த இடத்தில் நிறுத்தும் பிரேக்பாயிண்ட் பகுதிக்கு வருவோம். கேடு விளைவிக்கும் வழுக்கள் அதிகம் குடியிருப்பது இங்கேதான். எக்ஸ்86 செயலிகளில் பிரேக்பாயிண்ட் என்பது கட்டளையின் முதல் பைட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் இன்ட்3 என்ற ஒரு பைட் கட்டளையை வைப்பது. அதன் மதிப்பு பதின்மத்தில் 204. அது ஓடி முடிந்ததும் செயலியின் முகவரிக் காட்டி ஒரு பைட் முன்னே போய் நிற்கும். டீபக்கர் அதைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆர்ம்64 செயலிகளில் நான்கு பைட் கட்டளை, காட்டி நகர்வதில்லை. இந்த வேறுபாடு கட்டமைப்புக்கான அட்டவணையில் ஓர் எண்ணாக இருக்க வேண்டும். பொது நிரலில் நிபந்தனைக் கூற்றாக இருக்கக் கூடாது.

இதில் தவறுவது எங்கே என்று பார்த்தால்:

ஒரே முகவரியில் இரண்டு பிரேக்பாயிண்ட்கள் விழலாம். பயனர் வைத்தது ஒன்று, ‘அடுத்த வரிவரை ஓடு’ கட்டளைக்காக டீபக்கர் தற்காலிகமாக வைத்தது இன்னொன்று. இரண்டாவதை வைக்கும்போது நினைவகத்திலிருந்து ‘அசல் பைட்’ என்று எடுத்தால் கிடைப்பது 204. பிறகு இரண்டையும் நீக்கினாலும் நிரலுக்குள் 204 தங்கிவிடும். விலகிய பின் அந்த இடத்தை நிரல் தொட்டதும் டிராப் சிக்னல் வந்து செத்துவிடும். முகவரிக்கு ஒரே பதிவு, அதில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற எண்ணிக்கை. இதைத் தவிர வேறு வழி இல்லை.

நிரல் ஃபோர்க் செய்தால், அதாவது தன்னைப்போல் ஒரு பிள்ளைச் செயல்முறையை உண்டாக்கினால், அதற்கு நினைவகத்தின் நகல் போகும். வைத்த 204-களும் சேர்ந்தே போகும். பிள்ளையைத் தொடரப் போவதில்லை என்றாலும், விடுவதற்கு முன் அதன் நினைவகத்திலிருந்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். விஃபோர்க்கில் இதுவே தலைகீழ்: பெற்றோரும் பிள்ளையும் ஒரே நினைவகத்தைப் பகிர்கிறார்கள். பிள்ளைக்காக எடுத்தால் பெற்றோரிடமிருந்தும் போய்விடும். எடுக்காவிட்டால் பிள்ளை சாகும். எனவே எடுத்துவிட்டு, பிள்ளை வேறு நிரலாக மாறும்வரை அல்லது முடியும்வரை காத்திருந்து, விஃபோர்க் முடிந்தது என்று கர்னல் அறிவிக்கும் நிகழ்வு வந்த பிறகு திரும்ப வைக்க வேண்டும். பெற்றோர் அதுவரை உறைந்திருப்பதால் எதையும் தவறவிடமாட்டார்; ஆனால் பெற்றோரின் மற்ற த்ரெட்கள் (ஒரே செயல்முறைக்குள் இணையாக ஓடும் இழைகள்) உறைவதில்லை, அவை தவறவிடலாம். அவற்றை அந்த இடைவெளியில் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பது நீங்கள் முடிவெடுத்து ஆவணத்தில் எழுத வேண்டிய விஷயம்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது. ஒரு த்ரெட் இன்ட்3-ஐ ஓட்டிவிட்டது; காட்டி ஒரு பைட் தள்ளி நிற்கிறது; அந்த நிகழ்வு இன்னும் பயனருக்குச் சொல்லப்படாமல் வரிசையில் இருக்கிறது. அதற்குள் பயனர் அந்த பிரேக்பாயிண்ட்டை நீக்குகிறார், அல்லது விலகுகிறார். அசல் பைட் திரும்பி வந்துவிட்டது, காட்டி மட்டும் கட்டளையின் நடுவில். அங்கிருந்து ஓடவிட்டால் என்ன கட்டளையாகப் பொருள்படும் என்பது யார் அதிர்ஷ்டம் என்பதைப் பொறுத்தது. நீக்கும் முன் நிலுவை நிகழ்வுகளைப் பார்த்து, காட்டியைப் பின்னிழுத்து, நிகழ்வைக் கைவிட வேண்டும். இதற்கான சோதனை எளிது: ஒரே செயற்கூறைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் 16 த்ரெட்கள், அதில் ஒரு பிரேக்பாயிண்ட், நின்றதும் உடனே விலகல், பிறகு நிரல் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தல். ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் பாஸ் ஆகும். பலமுறை ஓட்ட வேண்டும்.

எத்தனை முறை? இருபதில் ஒருமுறை தோற்கும் சோதனையை 60 முறை ஓட்டினால், ஒரு தோல்வியாவது கண்ணில் படும் வாய்ப்பு ஏறத்தாழ 95 விழுக்காடு. நூறில் ஒருமுறை என்றால் 300 முறை. எத்தனையில் ஒன்றோ அதன் மும்மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ‘மூன்று முறை ஓட்டினேன், சரியாக இருக்கிறது’ என்று வரும் த்ரெட் திருத்தங்களை ஏற்காதீர்கள். இயந்திரத்தில் வேறு சுமை ஏற்றியும், ஒரே செயலிக் கருவில் கட்டிவைத்தும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; இரண்டிலும் வேறு வேறு வழுக்கள் வெளிவரும்.

இனி துப்புரவு. டீபக்கரின் மூலநிரலில் அசிங்கமாகத் தெரியும் வரிகளில் கணிசமானவை அசிங்கமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. லினக்ஸில், மற்றொரு செயல்முறையை ஆராய உதவும் பிட்ரேஸ் அழைப்பு வழியாக ஒரு சொல் அளவு நினைவகத்தைப் படிக்கும்போது, படித்த மதிப்பே திரும்பும் மதிப்பாக வருகிறது. அதனால் ‘-1’ என்ற விடை பிழையாகவும் இருக்கலாம், எல்லா பிட்டும் 1 ஆக உள்ள உண்மையான தரவாகவும் இருக்கலாம். அழைக்கும் முன், பிழை எண் இருக்கும் எர்நோ மாறியைப் பூஜ்யமாக்கி, அழைத்த பின் அதைப் பார்ப்பதுதான் ஒரே வழி. தேவையில்லாத வரி என்று அந்தப் பூஜ்யமாக்கலை யாரேனும் எடுத்துவிட்டால், முன்னெப்போதோ நடந்த பிழையின் எண் எர்நோவில் தங்கியிருந்து, நல்ல நினைவகம் படிக்க முடியாததாகத் தெரியலாம். எப்போதாவதுதான் தெரியும், கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும்.

அதேபோல் நினைவகத்தில் எழுதுவது. புராக் கோப்பு முறைமையில் உள்ள மெம் கோப்பு வழியாக எழுதினால், எழுதத் தடை உள்ள பக்கத்திலும் டீபக்கரால் எழுத முடியும். பிராசஸ்-விஎம்-ரைட்வி அழைப்பு அந்தத் தடையை மதிக்கும். இரண்டாவது பார்க்க நவீனமாக, அழகாக இருக்கிறது என்று மாற்றினால் தரவு மாறிகளை மாற்றும் சோதனைகள் எல்லாம் பாஸ் ஆகும், பிரேக்பாயிண்ட் மட்டும் வைக்க முடியாது. நிரலின் கட்டளைப் பக்கங்கள் எழுதத் தடை உள்ளவை. படிப்பதற்கு அந்த வகை அழைப்பு நன்றாகவே வேலை செய்யும். படிப்பதையும் எழுதுவதையும் ‘சீராக’ வைக்க ஆசைப்பட்டுத்தான் இந்தத் தவறு நடக்கிறது.

எனவே துப்புரவின் முதல் படி நீக்குவது அல்ல, குறிப்பு எழுதுவது. விளங்காத வரி கண்ணில் பட்டால், அது எந்த கமிட்டில் நுழைந்தது என்று, மூலநிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் சரித்திரத்தில் தேடுங்கள். காரணம் கிடைத்தால் ஒரு வரிக் குறிப்பு எழுதி அதை மட்டும் சேர்க்கலாம். காரணம் செத்துப்போன கம்பைலரோ ஆதரவு நிறுத்தப்பட்ட இயங்குதளமோ என்றால் அடுத்த கமிட்டில் தாராளமாக நீக்குங்கள். இயங்குதள ஆதரவை நீக்கும்போது மட்டும் ஒரு வெளியீட்டில் அறிவித்துவிட்டு, அடுத்த வெளியீட்டில் எடுங்கள். அந்த இயங்குதளத்தில் டீபக்கரை ஓட்டுகிறவர் இல்லாமல் போயிருக்கலாம். அங்கிருந்து வரும் கோர் கோப்புகளை (நொறுங்கிய நிரலின் நினைவகப் பதிவுகள்) வேறு இயந்திரத்தில் திறந்து பார்க்கிறவர் இருக்கக்கூடும்.

பெரிய துப்புரவும் சாத்தியம் என்பதற்கு ஜிடிபி என்ற டீபக்கர் நல்ல சான்று. 1986-இல் தொடங்கிய, சி மொழியில் எழுதப்பட்ட திட்டம் அது. 2017-இல் வெளியான அதன் 8.0 பதிப்பைக் கட்டச் சி++11 கம்பைலர் தேவைப்பட்டது. மொழி மாறிய அன்றே நிரல் மாறவில்லை. பிழை நேர்ந்தால் எதையெல்லாம் விடுவிக்க வேண்டும் என்று கையால் சங்கிலி கட்டி வைத்திருந்த பழைய முறையை, ஆப்ஜெக்ட் மறையும்போது தானாக ஓடும் அழிப்பானே விடுவிக்கும் முறைக்குக் கோப்பு கோப்பாக, செயற்கூறு செயற்கூறாக மாற்றினார்கள். அந்தப் பழைய முறைக்குப் பெயரே ‘கிளீனப்’ என்பது சுவையான தற்செயல்.

அதே வழியில் இறங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பல செயற்கூறுகளைத் தாண்டி நேரே குதிக்கும் லாங்ஜம்ப் தாண்டும் பாதையில் அழிப்பான் உள்ள ஆப்ஜெக்ட் இருந்தால், அது ஓடும் என்ற உத்தரவாதம் சி++ மொழியில் கிடையாது. பழைய பிழை முறையும் புதிய ஆப்ஜெக்ட்டும் ஒரே அழைப்புச் சங்கிலியில் இருக்கும் இடைக்காலம்தான் ஆபத்தானது. அந்தக் காலத்தைக் குறுக்குங்கள். இரண்டாவது, சி மொழி நூலகம் ஒன்று திரும்ப அழைக்கும் நம் செயற்கூறிலிருந்து எக்ஸ்செப்ஷனை (பிழை அறிவிப்பை) எறிந்து, அந்த நூலகத்தின் வழியாகவே மேலே அனுப்பக் கூடாது. எல்லையில் பிடித்து வைத்து, நூலகம் திரும்பிய பிறகு மறுபடி எறிய வேண்டும்.

‘தற்போதைய த்ரெட்’ என்ற பொது மாறி இன்னொரு பழைய தலைவலி. ஒரு செயற்கூறு அதை மாற்றிவிட்டு, நடுவில் பிழை வந்ததால் திருப்பி வைக்காமல் போய்விடும். அழிப்பானில் திருப்பி வைக்கும் ஒரு சிறு வகுப்பு எழுதினால் தீரும், முக்கால்வாசி. மீதிக் காலில் என்ன என்றால், திருப்பி வைக்க வேண்டிய த்ரெட் அதற்குள் முடிந்து, அதன் பதிவு அழிக்கப்பட்டிருக்கும். சுட்டியை வெறுமனே வைத்திருக்காமல், எண்ணிக்கை ஏற்றிப் பிடித்து வையுங்கள். திருப்பும் முன் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இயந்திரத்தனமான துப்புரவு, அதாவது பெயர்மாற்றம், இடைவெளி, கோப்பு இடமாற்றம், எந்த நடத்தையையும் மாற்றக் கூடாது. மாற்றவில்லை என்று நிரூபிக்க ஒரு மலிவான வழி உண்டு. டீபக் தகவல் இல்லாமல், ஒரே கம்பைலரில், ஒரே பாதையிலிருந்து முன்னும் பின்னும் கட்டி, ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். வரி எண்ணைத் தனக்குள் பதித்துக்கொள்ளும் அசர்ட் மேக்ரோக்களால் வித்தியாசம் வரும். அந்த ஒப்பீட்டுக்கு மட்டும் அவற்றை அணைத்துவிடுங்கள். வெளியே தெரியும் செயற்கூறின் பெயரை மாற்றினால் குறியீட்டு அட்டவணை மாறும், அது எதிர்பார்த்ததே. கட்டளைப் பகுதி மாறினால் அந்த பேட்ச் துப்புரவு இல்லை, வேறு ஏதோ ஒன்று. இத்தகைய கமிட்களின் அடையாளங்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால், 2019-இல் வந்த கிட் 2.23 முதல், பிளேம் கட்டளை அவற்றைத் தாண்டிப் போய் உண்மையில் வரியை எழுதியவரைக் காட்டும்.

ஒவ்வொரு கமிட்டும் தனியாகக் கட்டப்பட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆயிரம் கமிட்களுக்குள் ஒளிந்திருக்கும் வழுவை, பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட்டின் பைசெக்ட் கட்டளை பத்துப் படிகளில் காட்டிக்கொடுக்கும். நடுவில் கட்டப்படாத கமிட்கள் இருந்தால், தானியங்கி ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேறி அவற்றைத் தாண்டச் சொல்லலாம்தான். ஆனால் வழு அந்தத் தாண்டிய கூட்டத்துக்குள் இருந்தால் ‘இவற்றில் ஏதோ ஒன்று’ என்றுதான் விடை வரும்.

டுவார்ஃப், அதாவது கம்பைலர் டீபக்கருக்காக எழுதிவைக்கும் தகவலைப் படிக்கும் பகுதிக்குத் தனி கவனம் தேவை. அது வெளியிலிருந்து வரும் கோப்பைப் படிக்கிறது. நம்பக் கூடாத உள்ளீடு. மாறியின் இடத்தைச் சொல்லும் கோவை ஒரு சிறு நிரல், அதில் பின்னோக்கித் தாவவும் கட்டளை உண்டு. படி எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டால் கெட்டுப்போன ஒரு கோப்பு டீபக்கரை முடிவில்லாமல் சுற்ற வைக்கும். வகை ஒன்று தன்னையே அடிப்படையாகக் காட்டும் வளையம், கோப்பின் எல்லைக்கு வெளியே காட்டும் நீளம், 64 பிட்டுக்கு மேல் நீளும் மாறுநீள எண், இவையும் இதே ரகம். கெட்ட உள்ளீடுகளை உருவாக்கித் தரும் ஃபஸ்ஸரை, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு சேர்த்து இந்தப் பகுதிமீது மட்டும் ஓட்டுங்கள். கண்டெடுத்த கோப்புகளைச் சோதனைத் தொகுப்பில் நிரந்தரமாகப் போடுங்கள். டுவார்ஃப் சோதனைகளைக் கம்பைலரை நம்பி எழுதாதீர்கள். ஜிசிசி 11 கம்பைலர் இயல்பாகவே ஐந்தாம் பதிப்பு டுவார்ஃபுக்கு மாறியபோது போல, கம்பைலர் மாறினால் சோதனை எதைச் சோதிக்கிறது என்பதே மாறிவிடும், அதுவும் சத்தமில்லாமல். அசெம்பிளியில் கையால் எழுதிய டுவார்ஃப் அப்படியே இருக்கும்.

மாறியின் மதிப்பு மாறும்போது நிரலை நிறுத்தும் வாட்ச்பாயிண்ட்டைப் பற்றி ஒரே வேண்டுகோள். எக்ஸ்86-இல் முகவரிக்கான டீபக் ரெஜிஸ்டர்கள் நான்கே. ஒவ்வொன்றும் 1, 2, 4 அல்லது 8 பைட்டை, அந்த நீளத்துக்கு ஒழுங்கான முகவரியில் மட்டும் பார்க்கும். ஒழுங்கில்லாத 8 பைட் மாறி இரண்டையோ அதற்கு மேலுமோ தின்றுவிடும். இடம் தீர்ந்து ஒவ்வொரு கட்டளையாக ஓட்டும் முறைக்கு டீபக்கர் இறங்கினால் நிரல் பல நூறு மடங்கு மெதுவாகும். இறங்குகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு இறங்குங்கள். பயனர் அதை ‘ஹேங் ஆகிறது’ என்று வழுவாகப் பதிவது அப்போது நிற்கும். ஒட்ட முடியவில்லை என்ற புகார்களும் இப்படித்தான்: லினக்ஸின் யாமா பாதுகாப்பு அமைப்பின் பிட்ரேஸ்-ஸ்கோப் மதிப்பு 1 ஆக இருந்தால், சாதாரணப் பயனர் இயல்பாகத் தன் வழிவந்த செயல்முறைகளில் மட்டுமே ஒட்ட முடியும். அனுமதி இல்லை என்று மட்டும் சொல்லாமல், அந்தக் கோப்பைப் படித்து மதிப்பையும் சேர்த்துச் சொன்னால் போதும். பத்து வரி வேலை.

கால அட்டவணை. வெளியீட்டுக் கிளை பிரிந்த மறுநாளிலிருந்து துப்புரவுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். அவை மாதக்கணக்கில் புழக்கத்தில் இருந்து அடிபட நேரம் கிடைக்கும். அடுத்த கிளை பிரிவதற்கு ஆறு வாரம் முன்பு அந்தக் கதவை மூடி, திருத்தங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கிளை பிரிந்த பின் அதற்குள் போவது பொய் சொல்லும் வழுக்களும், நிரலைக் கொல்லும் வழுக்களும், முந்தைய வெளியீட்டில் வேலை செய்து இப்போது கெட்டவையும் மட்டுமே. துப்புரவு பேட்ச் 300 வரியைத் தாண்டினால் பிரிக்கச் சொல்லுங்கள். கருவியால் செய்த பெயர்மாற்றமாக இருந்தால், வரிகளைப் பார்க்காமல் அந்தக் கட்டளையைக் கமிட் செய்தியில் கேட்டு, நீங்களே ஓட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

ஃபோர்க், விஃபோர்க், நிலுவை நிகழ்வோடு விலகல் ஆகிய மூன்றுக்கும் சோதனைகளை எக்ஸ்86-64, ஆர்ம்64 இரண்டுக்குமாக எழுதித் தர நாங்கள் தயார். திருத்தம் எதுவும் சேர்க்காமல், தோற்கும் சோதனைகளாகவே, தெரிந்த வழு என்ற குறியோடு அனுப்புவோம். பிரேக்பாயிண்ட் பகுதியை அறிந்த ஒருவரை ரிவ்யூவுக்கு ஒதுக்கித் தாருங்கள். அவை உள்ளே போகும்வரை, அந்தக் கோப்புகளைத் தொடும் பெயர்மாற்ற பேட்ச்களை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
டீபக்கரை அன்றாடம் பயன்படுத்தி, பேட்ச்சும் அனுப்பும் சிலர்